ரிப்பனுக்குக் காத்திருந்த கழிப்பறை

செஞ்சிக் கோட்டையை யாரும் ரிப்பன் வெட்டித் திறந்து வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கட்டினார்கள், உள்ளே போனார்கள், சண்டை போட்டார்கள், அவ்வளவுதான். அதே ஊரில், என் பாத்திரக்கடைக்கு நேர் எதிரே, நாலு பெண்கள் ஒரே நேரத்தில் போய்வரக்கூடிய ஒரு கழிப்பறைக்கு ரிப்பன் வெட்ட ஆள் வராமல் மாதக்கணக்கில் பூட்டுத் தொங்கியது. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கினால் முதலில் கண்ணில் படுவது அந்தப் பூட்டுதான்.

என் பெயர் கோமதேஷ். சமண நயினார் குடும்பம் என்பதால் தெருவில் எல்லோருக்கும் நான் 'நைனாரே'தான். பித்தளை விற்ற கடையில் இப்போது பிளாஸ்டிக் வாளியும் எவர்சில்வர் டப்பாவும் ஓடுகின்றன. கடைக்குப் பின்னாலேயே வீடு. ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றியல்ல, எங்கள் வார்டு கவுன்சிலர் வெண்மதியைப் பற்றி. அவரைப் பற்றி யாராவது எழுதி வைக்க வேண்டும். கல்வெட்டில் எழுத மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது.

வெண்மதிக்கு நாற்பது வயதிருக்கும். சிங்கவரம் போகிற சாலையில் உள்ள காலனியில் பிறந்தவர். அவருடைய நைனா, அதாவது அப்பா, அடுத்தவர் கொல்லைகளில் மல்லாட்டை பிடுங்கியே மூன்று பிள்ளைகளையும் படிக்க வைத்தார். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வெண்மதி பி.காம். முடித்துவிட்டு ஊரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போனார். பத்து வருஷம் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்றார். உட்கார்ந்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்போதெல்லாம் ஸ்டூல் போட மாட்டார்கள்.

கணவர் இராமச்சந்திரன் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். அவர் வடக்கே எல்லையில் நின்ற காலமெல்லாம் இவர் இங்கே கவுண்டரில் நின்றார். அவர் ஓய்வு பெற்று வந்து ஒரு வங்கியில் காவலாளி வேலையில் சேர்ந்த சமயத்தில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. வெண்மதி சுயேச்சையாக நின்றார். பூட்டு சாவிச் சின்னம். யாரும் எதிர்பார்க்கவில்லை, ஜெயித்துவிட்டார்.

ஜெயித்ததும் ஊர் வழக்கப்படி எல்லோரும் மனுவைத் தூக்கிக்கொண்டு புருஷனிடம் போனார்கள். "கவுன்சிலர் சார்" என்று கும்பிட்டார்கள். இராமச்சந்திரன் விறைப்பாக நின்று, "நான் கவுன்சிலர் இல்ல. மேடம் தோ இருக்காங்க. மேடத்த கேளுங்க" என்பார். வண்டியில் மனைவியைக் கொண்டுவந்து இறக்கிவிடுவார், கூட்டத்துக்குள் நுழையவே மாட்டார். மற்ற வார்டுகளில் மனைவியின் நாற்காலியில் உட்கார்ந்து பழகிய புருஷன்மார்களுக்கு இது பெரிய இடைஞ்சல். பட்டாளத்தில் மூளையைக் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள் என்று கிண்டல் செய்தார்கள்.

வெண்மதிக்கு அலுவலகம் என்று ஒன்று கிடையாது. என் கடை வார்டுக்கு நடுவில் இருக்கிறது, அதனால் என் கடை வாசலில் நான் விற்பனைக்கு வைத்திருந்த ஒரு பச்சை ஸ்டூல்தான் அவருடைய அலுவலகம். அந்த ஸ்டூல் இனி விற்காது. திங்கட்கிழமை மனுக்கள் வரும். தெருவிளக்கு எரியவில்லை, நாய் துரத்துகிறது, பக்கத்து வீட்டுக்காரர் சாக்கடையை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார் என்று வரிசையாக வரும். புதன்கிழமை பட்டாளத்துக் குடும்பங்கள். அவலூர்பேட்டையிலிருந்தும் தளவானூரிலிருந்தும் படைவீரர்களின் மனைவிமார் பஸ் ஏறி வருவார்கள். வங்கியில் கைரேகை பதியவில்லை, பென்ஷன் நின்றுபோச்சு, விழுப்புரத்துக்குப் போகச் சொல்கிறார்கள் என்பார்கள். வெண்மதி அவர்களோடு வங்கிக்குப் போவார், விழுப்புரத்துக்கும் போவார். அவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஊரில் ஓட்டே கிடையாது.

"ஓட்டில்லாதவங்களுக்கு இன்னாத்துக்கும்மா இவ்ளோ அலையிறீங்க?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"ஓட்டு இருக்கறவங்க தெருவெளக்கு கேக்கறாங்கண்ணா. இவங்க சோறு கேக்கறாங்க" என்றார்.

சனிக்கிழமை காலையில் இராமச்சந்திரனும் ஓய்வு பெற்ற இன்னும் சில படைவீரர்களும் மண்வெட்டியோடு வந்து தெருச் சாக்கடையைத் தள்ளுவார்கள். சம்பளம் கிடையாது, சால்வையும் கிடையாது. வேலை முடிந்ததும் வரிசையாக நின்று டீ குடிப்பார்கள். வெண்மதிக்குக் கவுன்சிலில் தனிக் கட்சி இல்லை. இந்த மண்வெட்டிக்காரர்கள்தான் அவருடைய கட்சி.

என் மனைவி தர்மவதிக்கு மட்டும் ஒரு வருத்தம் இருந்தது. அவள் தண்ணீரைத் துணியில் வடிகட்டித் தனிப் பானையில் வைப்பவள். வெயிலில் யார் வந்தாலும் ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பாள். வெண்மதி மட்டும் வாங்கவே மாட்டார். "வேணாம்க்கா, இப்பத்தான் குடிச்சேன்" என்று சிரித்தபடி செம்பைத் திருப்பித் தருவார். மோர் கொடுத்தாலும் அதே பதில். ஒரு நாளா, இரண்டு நாளா, வருஷக்கணக்கில் இப்படி.

"அவங்க நைனாவுக்கு இந்தத் தெருவுல யாரும் டம்ளர்ல தண்ணி குடுத்திருக்க மாட்டாங்க. கையில ஊத்தியிருப்பாங்க" என்றாள் தர்மவதி. "அத நெனச்சுக்கினுதான் நம்ம வூட்ல குடிக்க மாட்றாங்க. நீங்க வேணா பாருங்க."

இருக்கலாம் என்றுதான் எனக்கும் பட்டது. அப்படி நினைக்க அவருக்கு உரிமை இருக்கிறது. அதைப் போய் எப்படி ஒருவரிடம் கேட்பது? நாங்கள் கேட்கவில்லை. தர்மவதி மட்டும் விடாமல் செம்பை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

இனி கழிப்பறைக்கு வருகிறேன். இந்தத் தெரு ஓரத்தில் காய், பூ, மல்லாட்டை என்று கூடை போட்டு விற்கிற பெண்கள் இருபது பேராவது இருப்பார்கள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள், வங்கிக்கு வருபவர்கள் தனி. ஆண்களுக்குச் சுவர் இருக்கிறது. பெண்களுக்கு ஒன்றும் இல்லை. கவுன்சிலரான முதல் மாதத்திலிருந்தே வெண்மதி கேட்டுக்கொண்டிருந்தார். நிதி இல்லை என்றார்கள். பிறகு ஒரு பட்ஜெட் கூட்டத்தில், ஊர் எல்லையில் கோட்டை மாதிரி ஒரு அலங்கார வளைவு கட்டலாம் என்று ஒரு தீர்மானப் பொருள் வந்தது. அசல் கோட்டை மூன்று மலையில் நின்று எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்க, சிமென்டில் இன்னொன்று.

அந்தக் கூட்டத்தைப் பற்றி வெண்மதி மறுநாள் என் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார். பட்ஜெட்டைக் கடகடவென்று படித்தார்களாம். மேசையைத் தட்டினார்களாம். வடை வந்துவிட்டதாம். வளைவுப் பொருள் வந்தபோது இவர் எழுந்து, "வளைவப் பாக்க வர்ற பொம்பளைங்க அவசரத்துக்கு எங்க போவாங்க?" என்று கேட்டிருக்கிறார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "உக்காருங்க மேடம், வடை ஆறுது" என்று ஒருவர் சொன்னார். இவர் உட்காரவில்லை. அடுத்தடுத்த பொருள்கள் போய்க்கொண்டே இருந்தன, இவர் நின்றுகொண்டே இருந்தார்.

"பத்து வருஷம் நின்னவ நான். எனக்கு இன்னா கஷ்டம்? அவங்களுக்குத்தான் என்னப் பாத்துக்கினு வட எறங்கல" என்றார்.

கடைசியில் வளைவைத் தள்ளிவைத்து, கழிப்பறைக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். ஒரு நிபந்தனையோடு. கட்ட நிதி உண்டு, பராமரிக்க ஆள் போட நிதி இல்லை. அதற்கும் வெண்மதி பதில் வைத்திருந்தார். பராமரிப்பை எங்கள் முன்னாள் படைவீரர்கள் பார்த்துக்கொள்வார்கள், சாவியை அவர்களிடம் கொடுங்கள் என்றார். அரங்கநாதன் என்ற பழைய சிப்பாய், எழுபதைத் தாண்டியவர், நேரில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். கட்டடமும் சீக்கிரமே எழும்பியது. டைல்ஸ், குழாய், கைகழுவும் தொட்டி எல்லாம் வந்தது. மோட்டார் போட்டுத் தண்ணீரும் ஏற்றிப் பார்த்தார்கள். அன்று வெண்மதி அந்த வாசலில் நின்று சிரித்த மாதிரி நான் அவர் ஜெயித்த அன்றுகூடப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகுதான் கறுப்புக் கல் வந்தது.

பளபளப்பான கல்வெட்டு. மேலே பெரிய எழுத்தில் ஒரு பெரியவர் பெயர். அவருடைய பெயரும் பதவியும் இங்கே வேண்டாம், எல்லா ஊருக்கும் அப்படி ஒருவர் இருக்கிறார். கீழே வரவர எழுத்துச் சிறுத்துக்கொண்டே போகும். வெண்மதி பெயர் அதில் இல்லை. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். அந்தத் தேதி கிடைத்தால் திறப்பு விழா, விழா நடந்தால்தான் சாவி.

முதல் தேதிக்குப் பந்தல் போட்டார்கள், வாழைமரம் கட்டினார்கள். பெரியவர் சென்னையில் மாட்டிக்கொண்டார் என்று செய்தி வந்தது. பந்தலைப் பிரித்தார்கள். இரண்டாவது தேதிக்குக் கார் ஊர் எல்லை வரை வந்தது. வழியில் ஒரு கல்யாண மண்டபம், அங்கே இறங்கியவர் அப்படியே திரும்பிவிட்டார். வாழைமரத்தை ஆடு தின்றது. மூன்றாவது தேதி கேட்கப் பெரியவரின் உதவியாளர் பிரசாந்துக்கு வெண்மதி என் கடையிலிருந்துதான் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க" என்றான் பிரசாந்த். "ஐயா கக்கூஸ் தெறந்து வெக்கற போட்டோ பேப்பர்ல வந்தா நல்லாவா இருக்கும்? பக்கத்துத் தெருவுல தண்ணி டேங்க்கு ஒண்ணு வருதில்ல, அத்தோட சேத்து ஒரே மேடையில வெச்சுக்கலாம். கௌரவமா இருக்கும்."

"அந்த டேங்க்குக்கு இன்னும் குழியே தோண்டலையே தம்பி."

"அடுத்த பட்ஜெட்ல வந்துடும் மேடம். டென்ஷன் ஆவாதீங்க."

டென்ஷன் ஆகாமல் என்ன செய்வது? நான் போய்ப் பார்த்தேன். டேங்க் வரப்போகிற இடத்தில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு சதுரம் போட்டிருந்தார்கள், அதில் ஒரு எருமை படுத்திருந்தது. முடிந்த வேலை முடியாத வேலைக்காகக் காத்திருந்தது. வேறு யாராவது திறக்கலாமே என்று வெண்மதி கூட்டத்தில் கேட்டார். பெரியவர் மனம் கோணும் என்றார்கள். "பூட்டு சாவின்னு ஓட்டு போட்டோம். பூட்ட மட்டும் குடுத்திருக்கியே" என்று காய்க்காரப் பெண்கள் அவரையே கிண்டல் செய்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

கிண்டல் செய்யாத ஒரே ஆள் தைலம்மாள். கழிப்பறைச் சுவரை ஒட்டியே கூடை வைத்து அவித்த மல்லாட்டை விற்பவர். அவர் புருஷனும் பட்டாளத்துக்காரர், இராமச்சந்திரனோடு ஒரே ரெஜிமென்ட்டில் இருந்து, பணியிலேயே காய்ச்சல் கண்டு இறந்துபோனவர். உச்சி வெயிலில் அந்த அம்மா உதடு வெடித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடியுங்கள் என்று ஒருநாள் சொன்னேன்.

"குடிச்சா போவணுமே நைனாரே" என்றார். "காலையில வூட்ட வுட்டு கெளம்பசொல்ல ஒரு வாய். அப்பால பொழுது சாஞ்சி வூட்டுக்குப் போயித்தான். நடுவுல நாக்க நனைக்கறதோட சரி."

"எங்க வூட்டுக்கு வரவேண்டிதானே?"

"உன் பொண்டாட்டி வரச் சொல்லுது, இல்லன்னு சொல்லல. ஒரு நாளு வரலாம், ரெண்டு நாளு வரலாம். தெனம் வந்து நின்னா எனக்கே நல்லாருக்காது."

அந்தச் சுவருக்குப் பின்னால் நாலு அறையும் தண்ணீரும் தயாராக இருந்தன. முதுகை அதே சுவரில் சாய்த்துக்கொண்டு இந்த அம்மா அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. பெரியவர்மேல் பட்டால் அவர் சென்னையில் இருக்கிறார். பிரசாந்த்மேல் பட்டால் அவன் சொன்னதைச் சொல்கிற பையன்.

மாசி மாதத்தில் ஒருநாள் தைலம்மாள் கூடைமேலேயே சாய்ந்துவிட்டார். உடம்பு கொதித்தது, நடுங்கியது. வெண்மதிதான் ஆட்டோ வைத்துக் கொண்டுபோனார், பிறகு விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கி அடக்கி, கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கிறது. இந்தமுறை தப்பித்துவிட்டார், இன்னொருமுறை இப்படி வந்தால் சிறுநீரகம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தண்ணீர் நிறைய குடிக்க வேண்டும், அடக்கவே கூடாது. தெருவில் உட்கார்ந்து விற்கிற பெண்ணுக்கு அப்படி ஒரு மருந்துச் சீட்டு.

விழுப்புரத்திலிருந்து திரும்பி வந்த வெண்மதி ஸ்டூலில் உட்காரவில்லை. நேராகக் கடைக்குள் வந்தார், அலமாரியில் இருந்த பித்தளை உலக்கையை எடுத்தார், தெருவைத் தாண்டினார். நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்கவில்லை. பூட்டை உடைக்கப் போகிறார் என்று எனக்குப் புரிவதற்குள், அவரை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்ட இராமச்சந்திரனுக்குப் புரிந்துவிட்டது. வண்டியைப் போட்டது போட்டபடி ஓடிப்போய்க் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"நவுருங்க" என்றார் வெண்மதி.

"மாட்டேன் மேடம். ஒடச்சா அரசாங்க சொத்த சேதம் பண்ணதா கேசு ஆவும். அப்புறம் உங்க பதவியும் இருக்காது, கக்கூசும் தெறக்காது."

"மேடம் கீடம்னு கூப்புடாதீங்க. எத்தினி மாசமா ஆர்டர் வரட்டும் ஆர்டர் வரட்டும்னு சொல்லிக்கினு இருக்கீங்க? அங்க படுத்திருக்கறது யாரு? உங்களோட ஒரே தட்டுல சாப்ட்டவன் பொண்டாட்டி. அவன் செத்தப்ப தூக்கினு வந்தவரு நீங்க. இவளையும் தூக்கணுமா?"

தெருவே நின்று பார்த்தது. இராமச்சந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. வெண்மதி உலக்கையைத் தூக்கிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி வந்து அதை என் அலமாரியிலேயே வைத்துவிட்டு, சாக்குமேல் உட்கார்ந்து அழுதார். துக்கத்தில் அழவில்லை, ஆத்திரத்தில் அழுதார். தர்மவதி தண்ணீர் கொண்டுவந்தாள். அன்றைக்கும் அவர் வாங்கவில்லை.

இதற்குமேல் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று நினைத்தேன். தேர்தல் அறிவித்துவிட்டார்கள். மறுநாளே கொடிக்கம்பங்கள் இறங்கின, சுவரில் இருந்த பெயர்களுக்கு வெள்ளை அடித்தார்கள். இரண்டு பேர் பசைவாளியோடு வந்து, கழிப்பறைக் கல்வெட்டின்மேல் பழைய செய்தித்தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். பெயர்கள் தெரியக் கூடாதாம். நடத்தை விதி. பிரசாந்தே போன் செய்தான். "இப்ப யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது மேடம். வெழாவே நடத்தக் கூடாது. எலெக்‌ஷன் முடியட்டும், ரெண்டு மாசம் பொறுங்க" என்றான். குரலில் ஒரு நிம்மதி இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

போனை வைத்துவிட்டு வெண்மதி அந்தச் செய்தித்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, வெழா நடத்தக் கூடாதுன்னுதானே சொல்றாங்க?"

"ஆமா."

"நம்மளுக்கு வெழா யாரு கேட்டா?"

உடனே கிளம்பிவிட்டார். பேரூராட்சிச் செயல் அலுவலரைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். இத்தனை நாள் விழா இல்லாமல் திறக்க முடியாது என்றீர்கள், இப்போது விழாவே கூடாது என்கிறார்கள், அப்படியானால் விழா இல்லாமல் திறக்கலாமில்லையா என்று. அவர் யோசித்தார், மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். முடிந்துபோன வேலையை அதிகாரிகளே பயன்பாட்டுக்கு விடலாம், அதற்குத் தடையில்லை. மேடை கூடாது, மாலை கூடாது. அரசியலில் இருக்கிறவர்கள் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது.

"அப்புறம் இன்னா சொன்னாரு தெரியுமாண்ணா?" என்றார் வெண்மதி. "நீங்களும் வரக்கூடாது மேடம்னாரு. நான் சுயேச்சை சார்னேன். சுயேச்சையா இருந்தாலும் கவுன்சிலர் கவுன்சிலர்தான்னாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. நாலு வருஷமாக அலைந்து கட்டியது, கல்லிலும் பெயர் இல்லை, திறக்கும்போதும் ஆள் இருக்கக் கூடாது.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"சரின்னேன். வேற இன்னா சொல்றது?"

திறந்த அன்று பந்தல் இல்லை, வாழைமரம் இல்லை, மைக் இல்லை. செயல் அலுவலரும் ஒரு மேற்பார்வையாளரும் வந்தார்கள். தேர்தல் வேலையாக வீடியோ எடுக்கிறவர் ஒருவர் கேமராவோடு நின்றார். பூட்டைத் திறந்து, சாவியை அரங்கநாதன் கையில் கொடுத்தார்கள். அவர் ஒரு சல்யூட் அடித்தார். யாரும் கை தட்டவில்லை, தட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை.

வெண்மதி என் கடைக்குள், தொங்கவிட்டிருந்த வாளிகளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விடிந்ததிலிருந்து அங்கேயேதான் நின்றார். கவுன்சிலர் புருஷன் என்பதால் இராமச்சந்திரனையும் வரக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவர் டப்பா அடுக்குகளுக்கு நடுவே விறைப்பாக நின்றார். அன்றைக்கு எனக்கு வியாபாரமே நடக்கவில்லை.

முதலில் போனது தைலம்மாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில நாள்தான் ஆகியிருந்தது, இளைத்துப்போயிருந்தார். கூடையைக் கீழே வைத்துவிட்டு, வாசலில் செருப்பைக் கழற்றினார். "போட்டுக்கினே போம்மா" என்றார் அரங்கநாதன். உள்ளே போய்விட்டு முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தவர், சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எங்க நம்ம வெண்மதி?"

"பேரச் சொல்லாதம்மா, வீடியோ எடுக்கறாங்க" என்றார் அரங்கநாதன் மெதுவாக.

அதற்குள் காய்க்காரப் பெண்கள், பூக்காரப் பெண்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் வரிசையில் வந்துவிட்டார்கள். வெண்மதி வாளிகளை விலக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். "மேடம்" என்றார் இராமச்சந்திரன் எச்சரிக்கையாக. அவர் நிற்கவில்லை. தெருவைத் தாண்டி, வரிசையின் கடைசியில் போய் நின்றார். செயல் அலுவலர் பதறிப்போய் ஓடிவந்தார், கேமராக்காரரும் திரும்பினார்.

"மேடம், நாந்தான் சொன்னேனில்ல. நீங்க இங்க வரக்கூடாது."

"சார், நான் கவுன்சிலரா வரல" என்றார் வெண்மதி. "காலையில இருந்து அடக்கிக்கினு நிக்கறேன். அவசரம் சார். அதுக்கும் நடத்தை விதி இருக்குதா?"

செயல் அலுவலர் கேமராக்காரரைப் பார்த்தார். கேமராக்காரர் கேமராவை இறக்கிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வரிசையில் இருந்த பெண்கள் முன்னால் போகச் சொன்னார்கள். வெண்மதி போகவில்லை. தன் முறை வரும்வரை நின்று, உள்ளே போய்விட்டு வந்தார்.

திரும்பி வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். முகத்தில் இருந்த தண்ணீரைத் துடைக்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, "அக்கா, ஒரு சொம்பு தண்ணி குடுங்க" என்றார்.

தர்மவதி என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், வடிகட்டி வைத்த தண்ணீரைச் செம்பு நிறைய மொண்டு கொண்டுவந்தாள். வெண்மதி அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. செம்பிலேயே வாய் வைத்து, நிறுத்தாமல் குடித்தார்.

"ஜவுளிக்கடையில பத்து வருஷம், இந்த ஸ்டூல்ல நாலு வருஷம்" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "பகல்ல தண்ணி குடிச்சதே கெடையாதுக்கா. குடிச்சா எங்க போறது?"

"எங்க வூடு இல்லியா?" என்றாள் தர்மவதி.

"நான் மட்டும் உள்ள போயிட்டு வந்து உக்காந்தா, எதுக்க அடக்கிக்கினு உக்காந்திருக்கறவங்க மொகத்த எப்பிடிப் பாக்கறது?"

"நான் வேற இன்னமோ நெனச்சுட்டேன், வெண்மதி."

"தெரியும்க்கா" என்று செம்பை நீட்டினார் அவர். "இன்னொரு சொம்பு குடுங்க."